பதினெட்டு பைட்டில் ஏரிகள்

வெள்ளிக்கிழமை சர்வரை மாடியிலிருந்து இறக்கி
படிக்கட்டுக்குக் கீழே, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம்.
வெயில் படாது, ஏசி செலவு மிச்சம் என்றார் ரங்கப்பா.
இடம் மாறியதில் அதன் எண்ணும் மாறியது.
யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை அது.

திங்கள் காலை பத்தேகால்.
வில்சன் கார்டன், பேட்டரிக் கடை மேல் எங்கள் சர்வே ஆபீஸ்.
ஃபசீலா கோப்புச் சாளரத்தைத் திறக்கிறாள்,
இடப்பக்கப் பட்டியலில் ஒரு பெயரைத் தட்டுகிறாள்.
சின்ன வட்டம் சுற்றுகிறது. சுற்றுகிறது.
டீ ஆறி ஆடை கட்டும் வரை சுற்றிவிட்டு
இருப்பிடத்தை அடைய முடியவில்லை என்கிறது.
"சர்வர் செத்துப் போச்சா?"
சாகலை. வீடு மாறியிருக்கு.
நீ பழைய வாசலில் நின்று காலிங்பெல் அடிக்கிறாய்.

பதினோரு மேசை, பதினோரு லினக்ஸ்.
எல்லாவற்றிலும் ஒரே சங்கதி:
பெயருக்கு முன் ஒரு புள்ளி வைத்து
முகம் மறைத்துக்கொண்ட அடைவு,
அதற்குள் இன்னொன்று, அதற்குள் சாதாரண எழுத்துக்கோப்பு.
வரிக்கு ஒரு முகவரி, ஓர் இடைவெளி, அப்புறம் செல்லப்பெயர்.
இத்தனை வருஷம் நாங்கள் தட்டிய வாசலெல்லாம்
ஒன்பதே வரி.

முகவரியில் நாற்பது என்றிருந்ததைப் பன்னிரண்டாக்கினேன்.
ஏழு வரி மறுபேச்சில்லாமல் பிழைத்துக்கொண்டன.
எட்டாவது முரண்டு பிடித்தது.
போகிற போக்கில் 'ஏரி' என்ற அடைவை
'ஏரிகள்' என்று திருத்தியவன் நான்தான்.
ஒன்றுக்கு மேல் இருந்தால் பன்மை வேண்டாமா?
ஆனால் கோப்புக்குத் தமிழ் தெரியாது.
சதவீதக் குறி போட்டுப் போட்டு
மூன்று மூன்றாய் நறுக்கி வைத்திருக்கிறது.
ஈ சைபர், ஏ ஈ, எட்டு எஃப்: அது ஏ.
ர தனி. அதன் மேல்விலங்கு தனி.
'கள்' சேர்க்க ஒன்பது குறி கையால் அடித்தேன்,
கடைசிப் புள்ளிக்கே மூன்று போயிற்று.
ஓர் எழுத்தின் வாயை மூட இவ்வளவு செலவு.

திறந்தது. உள்ளே நகரத்தின் ஏரிகள்,
அளந்தவை, அளக்க வேண்டியவை,
அளக்கப் போன அன்று அபார்ட்மெண்டாக இருந்தவை.

ஒன்பதாவது வரி: மாதேஷ் லேப்டாப்.
மார்ச்சில் வேலையை விட்டு ஓசூருக்குப் போனவன்,
சம்பள பாக்கியில் மனத்தாங்கல்.
இந்தக் கோப்பில் ஓரமாய்க் குறிப்பெழுத வழியில்லை.
வரி இருக்கும், அல்லது இருக்காது.
அழிக்கும் முன் சும்மா ஒரு குரல் கொடுத்துப் பார்த்தேன்.
பதில் வந்தது,
இரண்டு மில்லி செகண்டில்.
ஓசூர் அவ்வளவு கிட்டத்தில் இல்லை.

மூன்று அறை தேடி ஃபசீலா கண்டுபிடித்தாள்:
பிளாட்டரின் குட்டைக் காலுக்கு அடியில்,
மூடி சாத்தி, சார்ஜர் வயர் சுவரில் செருகியபடி,
எட்டு மாதமாய் முட்டுக்கொடுத்துக்கொண்டு,
வெதுவெதுப்பாய்.
மூடினாலும் தூங்காதே என்று அவன் சொல்லிவைத்திருக்க வேண்டும்.
உள்ளே சிக்ககெரேயின் ஆழக் கணக்கு முழுசாய்.
தொலைந்துவிட்டது என்று கிளையண்டுக்குக் கடிதமே போயிருந்தது.
ரங்கப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, மாதேஷ் நம்பர் இருக்கா என்றார்.
இருந்தது. பழைய நம்பர்.
வராந்தாவுக்குப் போய் அடித்துப் பார்த்தார்.
என்ன பேசினார் என்று தெரியாது,
கீழே கடையில் லாரி பேட்டரி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

லேப்டாப்பை உருவியதும் பிளாட்டர் ஒரு பக்கம் சாய்ந்தது.
இரண்டு செங்கல் வைத்தோம்.
அந்த வரியை அப்படியே விட்டேன்.

ராத்திரி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது.
"ஹளேகெரே, ஹளேகெரே, இளீரி" என்று கூவினார் கண்டக்டர்.
கார் ஷோரூமுக்கு முன்னால் ஆறு பேர் இறங்கினார்கள்.
யார் காலும் நனையவில்லை.